அதே இடத்தில் அதே புண்: குடல் காசநோயா, குரோன் நோயா?

நோயாளி 24 வயதுப் பெண். கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மூன்று ஷிப்ட் வேலை. ஏழு மாதமாக வலது அடிவயிற்றில் வலி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்துகொண்டு வரும். பிறகு உள்ளே ஏதோ உருள்வதுபோல் கடமுடவென்று சத்தம் கேட்கும், வலி மெல்லத் தணியும். நாளைக்கு நான்கைந்து முறை தளர்ந்த மலம். எடை 51 கிலோவிலிருந்து 43-க்கு இறங்கியிருந்தது. மாலையில் உடம்பு சுடுவதாகச் சொன்னார். வார்டில் மூன்று நாள் பார்த்ததில் 99.6 டிகிரியைத் தாண்டவில்லை. அவருடைய தாத்தா காசநோயில் இறந்தவர். அவர் படுத்த படுக்கையாக இருந்த கடைசி இரண்டு ஆண்டுகள் இவர் சிறுமியாக அதே வீட்டில் வளர்ந்திருக்கிறார்.

நோயாளியின் சம்மதத்தோடு, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன். சிகிச்சையில் நாங்கள் எடுத்த முதல் முடிவை இன்றும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முடிவுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வால் யாருக்கும் பயன் இல்லை.

முதல் சேர்க்கை

கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெளுப்பு. வலது அடிவயிற்றில் கை வைத்தால் கொழுக்கட்டை அளவுக்கு மெத்தென்ற கட்டி, அழுத்தினால் வலித்தது. வயிற்றில் நீர் கோக்கவில்லை; கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டவில்லை. ஹீமோகுளோபின் 8.9, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.9, இரண்டும் குறைவு; அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 38, அது அதிகம். எச்.ஐ.வி. இல்லை. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. தோலில் ஊசி போட்டுக் காசநோய்த் தொற்றைத் தேடும் மாண்டூ பரிசோதனையில் 16 மி.மீ. தடிப்பு. மலத்தில் கால்ப்ரொடெக்டின் மிக அதிகம். இந்தக் கடைசிப் பரிசோதனை, குடலில் உண்மையான அழற்சி இருக்கிறது என்பதைச் சொல்லும். எதனால் வந்த அழற்சி என்பதைச் சொல்லாது.

மலவாய் வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் மலக்குடலும் இடப்பக்கப் பெருங்குடலும் இயல்பாக இருந்தன. அதோடு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய் ஏறக்குறைய விலகிவிட்டது. அந்த நோய் மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே ஏறும். இவருக்குப் புண்கள் இருந்தது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனையில். பெருங்குடலின் தொடக்கத்தில் குறுக்கு வாட்டில் ஒரு பெரிய புண், அதற்கு மேலே வாய்ப்புண் போன்ற சில சிறு புண்கள். இரண்டு குடலுக்கும் நடுவிலுள்ள வால்வு வீங்கி அடைத்திருந்ததால் குழாய் சிறுகுடலுக்குள் நுழையவில்லை. எட்டுத் துண்டு திசு எடுத்தோம்.

சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் கடைப்பகுதி ஏறக்குறைய 20 செ.மீ. நீளத்துக்குத் தடித்திருந்தது. சற்றுத் தள்ளி, நடுவே நல்ல குடலை விட்டு, இன்னொரு சிறு பகுதியும் தடித்திருந்தது. நிணநீர்க் கணுக்கள் சிறியவை. எதிலும் நடுப்பகுதி அழுகிக் கரிந்ததுபோல் தெரியவில்லை.

திசுப் பரிசோதனையில் ஒரே ஒரு சிறு கிரானுலோமா, அதாவது எதிர்ப்பணுக்கள் ஒன்றுகூடிய முடிச்சு. பாலாடைக்கட்டிபோல் நொறுங்கும் சிதைவு அதில் இல்லை. காசநோய்க் கிருமிக்கான சாயப் பரிசோதனையில் கிருமி தென்படவில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையிலும் இல்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பியிருந்தோம், அது முடிய ஆறு வாரம்.

ஒரே முனை, இரண்டு நோய்

இந்த முனையை இரண்டு நோய்களும் தேர்ந்தெடுப்பதால்தான் இத்தனை சிக்கல். காசநோய்க் கிருமி, விழுங்கிய சளியோடு போகலாம். ரத்தத்தின் வழியாகவும் வரலாம். சிறுகுடலின் கடைசியில் உணவு கொஞ்சம் தேங்கி நிற்கிறது. அங்கே நிணத்திசு அடர்த்தியாக இருக்கிறது. கிருமிக்குத் தங்க இடமும் நேரமும் கிடைக்கின்றன. குரோன் நோயில் கிருமி எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே குடலுக்கு எதிராகத் திரும்புகிறது. அந்த அழற்சியும் பெரும்பாலும் இதே கடைப்பகுதியில்தான் குடியேறுகிறது. இரண்டிலும் புண், தடிப்பு, சுருக்கம். இரண்டிலும் கிரானுலோமா.

குரோன் நோய் மருத்துவ நூல்களுக்குள் நுழைந்ததே காசநோயை விலக்கித்தான். 1913-இல் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் டால்சியல் குடல் தடிப்பு நோயாளிகள் சிலரை விவரித்தபோது, பார்வைக்குக் காசநோய்போல் இருந்தாலும் இது வேறு என்றார். 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையும் காசநோய்க் கிருமியைத் தேடிப் பார்த்து, இல்லை என்று உறுதிசெய்துகொண்டே பேசுகிறது. இந்தியாவில் இருந்த சிக்கல் நேர்மாறானது: இங்கே இந்த முனையில் கண்டதெல்லாம் காசநோய் என்றே நெடுங்காலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. 1972-இல் டெல்லியிலிருந்து டாண்டனும் பிரகாஷும் அறுத்தெடுத்த குடல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எழுதினார்கள். எங்கள் நோய்க்கூறு மருத்துவர் இன்றும் சொல்லும் அடையாளங்களின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த மருத்துவர் என்னை அழைத்து இருவர் பார்க்கும் நுண்ணோக்கியில் உட்காரவைத்தார். “இதோ பாருங்கள், இது எவ்வளவு சின்னது. காசநோய் என்றால் பெரிதாக இருக்கும், ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகும், கொஞ்சம் ஆழத்தில் இருக்கும், புண்ணின் ஓரத்தையே அந்தச் செல்கள் வரிசையாகப் பிடித்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை” என்றார். அப்படியானால் குரோன் நோய்தானா என்று கேட்டேன். “எட்டுத் துண்டில் ஒன்றே ஒன்றை வைத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். அந்த நிதானத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

தராசு

குரோன் நோய்ப் பக்கம்: நீளமான பகுதி பாதிப்பு, நடுவே இடைவெளி, வாய்ப்புண் போன்ற சிறு புண்கள், நீர் கோக்காத வயிறு, சிறிய கிரானுலோமா.

காசநோய்ப் பக்கம்: குறுக்கு வாட்டுப் புண், மாலைச் சூடு, தாத்தாவோடு வாழ்ந்த வீடு, மாண்டூ. இந்தக் கடைசி இரண்டும் நம் மனத்தில் தேவைக்கு மேல் எடை பெறுகின்றன. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் வாழும் நாட்டில், நோயே இல்லாத பலருக்கும் மாண்டூ தடிக்கும். கிருமி என்றோ உடலுக்குள் புகுந்தது என்பதற்கு அது சாட்சி. குடல் புண்ணுக்கு அதுதான் காரணம் என்பதற்குச் சாட்சி ஆகாது. சாயப் பரிசோதனையும் சிபிநாட்டும் கிருமி இல்லை என்றதையும் இதே எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். குடல் திசுவில் கிருமிகள் மிகக் குறைவு. கண்டால் உறுதி; காணாவிட்டால் ஒன்றும் முடிவாகாது.

தராசு ஒரு பக்கம் சாயாதபோது எந்தத் தவறு ஆபத்தானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு லாரி ஓட்டுநரை என்னால் மறக்க முடியாது. வேறோர் இடத்தில் குரோன் நோய் என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் பசி திரும்பியது, வலி போனது. ஐந்தாவது வாரம் காய்ச்சலோடும் நீர் கோத்த வயிற்றோடும் வந்தார். அந்த நீரிலிருந்து காசநோய்க் கிருமி வளர்ந்தது. காசநோய் மாத்திரைகளால் பிழைத்துக்கொண்டார்; ஆனால் சுருங்கிப்போன குடலில் ஒரு பகுதியை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்கும். அடங்கிக் கிடந்த கிருமிக்குக் கதவு திறந்துவிடும். குரோன் நோய்க்குத் தரும் இன்ஃபிளிக்சிமாப் ஊசி மறைந்திருக்கும் காசநோயைத் தூண்டிவிடும் என்பது 2001-லேயே தெரிந்துவிட்ட செய்தி.

எனவே இவருக்குக் காசநோய் சிகிச்சையைச் சோதனை முறையில் தொடங்கினோம். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால் நான்கும் சேர்ந்த மாத்திரை, 43 கிலோவுக்கு நாளைக்கு மூன்று. நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவேட்டு இணையத்தில் பதிவு. இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி கொலோனோஸ்கோப்பி என்று சீட்டிலேயே தேதி எழுதிக் கொடுத்தோம். அந்தத் தேதி இல்லாமல் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. குடல் காசநோய் என்றால் இரண்டு மாதத்தில் புண் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் ஆறியே போயிருக்கும். நோய் அதுதான் என்று உறுதியானால் மொத்தம் ஆறு மாதம் போதும். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதுமானது என்று காட்டிய ஆய்வுகளில் ஒன்று சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்து 1997-இல் வெளியானது.

நன்றாகிவிட்டது என்ற நம்பிக்கை

ஒரு மாதத்தில் எடை ஒன்றரைக் கிலோ கூடியது. இரண்டாம் மாதக் கடைசியில் 45.5 கிலோ. வலி பாதியாகக் குறைந்திருந்தது. மலம் நாளைக்கு இரண்டு முறை. மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டிருந்தார். காலி அட்டைகள் அத்தனையையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதை மில் தோழிகள் பார்த்துப் பயந்ததையும் சொன்னார்.

கொலோனோஸ்கோப்பி என்றதும் முகம் வாடிவிட்டது. “நன்றாகத்தானே இருக்கிறேன் டாக்டர், மறுபடி அந்த உப்புக் கரைசலை இரண்டு லிட்டர் குடிக்க வேண்டுமா?” அவருடைய அம்மாவுக்குக் கோபமே வந்தது. “ஐயா, பிள்ளை இப்போதுதான் நாலு வாய் சோறு சாப்பிடுகிறாள். மறுபடியும் பட்டினி போடச் சொல்கிறீர்களே.”

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த எடை மகிழ்ச்சி தந்தது. காசநோய்தான் என்று உள்ளுக்குள் முடிவு கட்டத் தொடங்கியிருந்தேன். பலர் வழி தவறுவது இந்தக் கட்டத்தில்தான். குரோன் நோயாளிகளிலும் சிலருக்குக் காசநோய் மருந்தால் வலியும் பேதியும் குறைவது உண்டு. ரிஃபாம்பிசின் காசநோய்க் கிருமியை மட்டும் கொல்லும் மருந்து அன்று. குடலிலுள்ள மற்ற பாக்டீரியாக்களையும் அது பாதிக்கும் என்பது ஒரு விளக்கம். வயிறு நன்றாக இருக்கிறது என்று நோயாளி சொல்வது பொய்யாகாது. புண்ணின் நிலையை மட்டும் அந்தச் சொல்லால் அறிய முடியாது.

முதல் கொலோனோஸ்கோப்பியின் படங்களை அம்மாவிடம் காட்டினேன். “இந்தப் புண் ஆறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் அம்மா. ஆறியிருந்தால் இன்னும் நாலு மாதம் மாத்திரை, அதோடு முடிந்தது. ஆறாவிட்டால் நாம் கொடுப்பது தப்பான மருந்து” என்றேன். சிறிது நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “சரி, பாருங்கள்” என்றார்.

காரநூல்

பரிசோதனை நாளன்று அவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்துத் துணியைச் சரிசெய்த மூத்த செவிலியர் கையை நிறுத்தினார். மலவாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோல் உள்ளிழுத்து முடிச்சுப் போட்டதுபோல் ஒரு சிறு வடு.

“கண்ணு, இங்கே ஏதாவது ஆபரேஷன் செய்தார்களா?”

“அது பௌத்திரம் அக்கா. காரநூல் கட்டினார்கள், ஆறிவிட்டது. பத்தொன்பது வயதில் ஒரு தடவை, இருபத்தொன்றில் ஒரு தடவை.” சற்று நிறுத்தி, “அதற்கும் இதற்கும் என்ன அக்கா?” என்று கேட்டார்.

பௌத்திரம் என்பது மலவாயருகே தோலுக்கும் குடலுக்கும் இடையே உண்டாகும் சீழ்க்குழாய்; காரநூல் அதில் கட்டும் மருந்து தடவிய நூல். அதற்கும் இதற்கும் நிறையத் தொடர்பு இருக்கிறது. மலவாயருகே சீழ்க்கட்டி, பௌத்திரம், ஆறாத வெடிப்பு ஆகியவை குரோன் நோயின் முக்கிய அடையாளங்கள். சிலருக்குக் குடல் தொல்லை தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவை வரும். பௌத்திரம் என்றாலே குரோன் நோய் என்று சொல்லவில்லை. பெரும்பாலான பௌத்திரங்கள் மலவாய்ச் சுரப்பியில் சீழ்பிடித்து வருபவை. குடலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருக்காது. அபூர்வமாகக் காசநோயிலும் வரும். ஆனால் இளம் வயது, இரண்டு முறை, பிறகு குடல்முனையில் புண் என்று மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போது தராசு அசைகிறது.

எங்கள் முதல் சேர்க்கைக் குறிப்பில் “மலவாய்ப் பகுதி இயல்பு” என்று எழுதியிருந்தது. திரைக்குப் பின்னால் அவசரமாக, ஆண் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு எழுதிய வரி. அவருக்கு மேலே இருந்து கையெழுத்திட்டவன் நான். நோயாளியிடம் முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டிருந்தோம், இல்லை என்றார். காரநூலை அவர் ஆபரேஷனாக எண்ணவில்லை. கல்யாணம் ஆகாத பெண் முதல்முறை பார்க்கும் ஆண்களிடம் பௌத்திரம் என்று வாய்விட்டுச் சொல்வது எளிதில்லை. கேட்க வேண்டிய சொல்லை நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். இப்போது எங்கள் சேர்க்கைத் தாளில், ஊர் வழக்கில், தனி வரியாக அது இருக்கிறது: மூலம், பௌத்திரம், சீழ்க்கட்டி, கீறல், காரநூல். பெண் நோயாளிகளிடம் செவிலியரே கேட்கிறார்.

குழாய் உள்ளே போனது. குறுக்கு வாட்டுப் புண் அப்படியே இருந்தது. முதல் படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் எது எந்தத் தேதி என்று சொல்ல முடியாது. முன்பு புண் இல்லாத நடுப்பெருங்குடலில் புதிதாக நான்கைந்து சிறு புண்கள். இம்முறை வால்வின் வீக்கம் சற்று வடிந்திருந்ததால் சிறுகுடலுக்குள் நுழைய முடிந்தது. அங்கே நீளவாட்டில் இரண்டு புண்கள், தண்டவாளம்போல் இணையாக.

ஆறாத புண்ணுக்கு மூன்று காரணங்கள்

உடனே ஸ்டீராய்டு எழுதிவிடவில்லை. இரண்டு மாத மருந்துக்குப் பிறகும் புண் ஆறவில்லை என்றால் குரோன் நோயாக இருக்கலாம்; மருந்துக்கு அடங்காத காசநோயாகவும் இருக்கலாம்; குடலில் வரும் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவையும் மறக்கக் கூடாது. பழைய கல்ச்சர் ஆறு வாரம் முடிந்து, கிருமி வளரவில்லை என்று வந்திருந்தது. புதிய துண்டுகளை மறுபடி சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினோம். சிபிநாட்டில் இம்முறையும் இல்லை. லிம்போமாவுக்கான செல்கள் இல்லை. பார்வைக்கு இயல்பாக இருந்த மலக்குடலிலிருந்தும் இம்முறை துண்டு எடுத்திருந்தோம். அதிலும், புண்ணிலிருந்து விலகிய பெருங்குடலிலும், சிறிய தனித்தனிக் கிரானுலோமாக்கள் தென்பட்டன. எங்கள் நோய்க்கூறு மருத்துவர் இப்போது கையெழுத்திட்டார்.

பழைய சி.டி. படத்தைக் கதிரியக்க மருத்துவரோடு மறுபடி பார்த்தோம். 43 கிலோ உடம்பில் தோலடிக் கொழுப்பு அறவே இல்லை. ஆனால் நோயுற்ற குடலைச் சுற்றி மட்டும் கொழுப்பு மெத்தைபோல் படர்ந்திருந்தது. அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சீப்பின் பற்கள்போல் வரிசையாகப் புடைத்திருந்தன. இரண்டும் குரோன் நோய்ப் பக்கம் நிற்கும் அடையாளங்கள். இரண்டும் முதல் நாளிலிருந்தே படத்தில் இருந்தன. பௌத்திரத்தின் பழைய தடம் இடுப்பு எம்.ஆர்.ஐ.யில் மெல்லிய கோடாகத் தெரிந்தது, சீழ் இல்லை.

சிகிச்சை

நான்கு மருந்தில் மூன்றை நிறுத்தினோம். மாண்டூ தடித்திருந்ததாலும் எதிர்ப்பாற்றலை அடக்கப்போவதாலும் ஐசோநியாசிட்டை மட்டும், பி6 வைட்டமினோடு, மொத்தம் ஆறு மாதம் நிறையும்வரை தொடர்ந்தோம். ரிஃபாம்பிசினை நிறுத்தி இரண்டு வாரம் பொறுத்தோம். அது கல்லீரலைத் தூண்டி ஸ்டீராய்டை வேகமாகச் சிதைத்துவிடும். அந்த நேரத்தில் தொடங்கினால் மருந்து வேலை செய்யாமல் போகும். நாம் நோயின் மேல் பழிபோடுவோம்.

பிறகு பிரெட்னிசோலோன் 40 மி.கி., வாரம் ஐந்து மி.கி. வீதம் குறைத்தோம். அதோடு எதிர்ப்பாற்றலை அடக்கும் அசதயோப்ரின் மாத்திரை. தொடங்கும் முன் என்.யு.டி.டி.15 மரபணுப் பரிசோதனை செய்தோம். இந்த மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு அசதயோப்ரின் வெள்ளணுக்களை அபாயகரமாக இறக்கிவிடும், ஆசியரிடையே அந்த மாற்றம் அரிதன்று. இவருக்கு இல்லை. 50 மி.கி.யில் தொடங்கி 100-க்கு ஏற்றினோம். அது முழுதாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதமாகும் என்பதை முன்பே சொல்லிவைத்தோம். சொல்லாவிட்டால் இடையில் நிறுத்திவிடுவார்கள்.

காசநோய் இல்லை என்றதும் அம்மா முதலில் ஆறுதல்பட்டார். அடுத்த நிமிடமே, “அப்படியென்றால் எத்தனை மாதம் மாத்திரை ஐயா?” என்றார். காசநோய்க்கு ஆறு மாதம் என்று ஒரு எல்லை உண்டு. இதற்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிக நேரம் ஆயிற்று. மகள் அழவில்லை. நைட் ஷிப்ட் போகலாமா, கல்யாணம் செய்யலாமா, குழந்தை பிறக்குமா என்று வரிசையாகக் கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது நல்லது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இரண்டாவது கல்ச்சரிலும் ஆறு வாரத்தில் எதுவும் வளரவில்லை. ஆறு மாதத்தில் எடை 52 கிலோ, ஹீமோகுளோபின் 11.8. எட்டாம் மாதக் கொலோனோஸ்கோப்பியில் அந்தக் குறுக்குப் புண் இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும். சிறுகுடலின் நீளவாட்டுப் புண்களில் ஒன்று மூடிவிட்டது, இன்னொன்று பாதி. ஸ்டீராய்டு நின்று நான்கு மாதமாகிவிட்டது. பௌத்திரத் தடம் எம்.ஆர்.ஐ.யில் இன்னும் இருக்கிறது, சீழ் கோக்கவில்லை. அது மறுபடி கிளம்பினாலோ, மிஞ்சிய புண் ஆறாவிட்டாலோ அடுத்து, இன்ஃபிளிக்சிமாப் வகையைச் சேர்ந்த அடாலிமுமாப் ஊசி. அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேவும் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் புதிதாக எடுத்தாக வேண்டும். அடுத்த வருகை மூன்று மாதம் கழித்து. மில்லில் விடுப்பு கிடைக்கும் கிழமையைப் பார்த்து அவரே தேதியைக் குறித்துக்கொண்டு போனார்.